கல்லும் ஒளியும்: கோதிக் பேராலயங்களின் தொடக்ககால ஒளிப்படங்களில் காட்சியமைப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகச் சொல்லைப் பற்றியே பேசிவரும் ஓர் அவையில், கல்லைப் பற்றியும் ஒளியைப் பற்றியும் பேசுவது எதற்கு என்ற வினா எழலாம். கவிஞன் ஒருவன் ஒரு காட்சியைக் கண்டு பாடுகின்றான். கண்ட அனைத்தையும் அவன் பாடுவதில்லை. சிலவற்றை எடுக்கின்றான், பலவற்றை விடுக்கின்றான். எங்கே நின்று பார்ப்பது, எதை முன்னே வைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்னும் மூன்று வினாக்களுக்கு அவன் தரும் விடையே அவனுடைய கவிதையின் அமைப்பாகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பிரான்சிலும் இங்கிலாந்திலும் செருமனியிலும், கனத்த மரப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு பழம்பெரும் பேராலயங்களின்முன் போய் நின்ற முதல் தலைமுறை ஒளிப்படக் கலைஞர்கள் இம்மூன்று வினாக்களையும் மிகக் கடுமையான வடிவில் எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட விடைகள் சொற்கலைஞர்க்கும் பயன்படுவன. அவற்றை எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதற்சாளரம்

கோதிக் கட்டடக்கலை பன்னிரண்டாம் நூற்றாண்டில் வட பிரான்சில் தோன்றியது. கூர்முனை வளைவு, எலும்புக்கூடு போன்ற விலா வரைகளால் தாங்கப்பெறும் உயர்ந்த விதானம், சுவரை வெளிப்புறத்திலிருந்து தாங்கும் வில்முட்டுகள் ஆகிய மூன்றும் அதன் உயிர்நிலைகள். கூரையின் பாரத்தை இவை சுமந்துகொள்வதால் சுவருக்குப் பளு குறைகின்றது. பளு குறைந்த சுவரைத் திறந்து வண்ணக் கண்ணாடிச் சாளரங்களாக மாற்ற முடிகின்றது. சுருங்கக் கூறின், கல்லைக் குறைத்து ஒளியைப் பெருக்கும் கலையே கோதிக் கலை. ஒளிப்படமும் ஒளியினால் ஆகும் கலை. இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்தித்தது இயல்பான நிகழ்வு எனலாம்.

இச்சந்திப்பு ஒளிப்படத்தின் பிறப்பிலேயே நிகழ்ந்துவிட்டது. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய நெகட்டிவ், 1835ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எடுத்தது. அவர் வாழ்ந்த லேகாக் மாளிகை பதின்மூன்றாம் நூற்றாண்டில் கன்னியர் மடமாகக் கட்டப்பெற்ற இடம். அம்மாளிகையின் ஒரு சாளரமே அப்படத்தின் பொருள். அஞ்சல் தலையைவிடச் சற்றே பெரிய தாளில் பின்னல் சாளரம் ஒன்று நிழலாகத் தெரிகின்றது. அதன் கண்ணாடிச் சில்லுகள் ஏறத்தாழ 200 என்றும், படம் புதிதாக இருந்தபோது உருப்பெருக்கியால் அவற்றை எண்ண முடிந்தது என்றும் டால்பட் குறித்து வைத்தார். ஒளி உள்ளே நுழையும் வாயிலைத்தான் ஒளிப்படம் முதலில் பதிந்து வைத்துக்கொண்டது.

1839இல் பாரிசில் தாகேர் தம் முறையை உலகிற்கு அறிவித்த சில காலத்திற்குள்ளேயே, வெள்ளி பூசிய செப்புத் தகடுகளில் நோத்ர தாம் பேராலயத்தின் முகப்பு பதியலாயிற்று. அத்தகடுகளில் ஒரு விந்தையுண்டு. இடைநிலைக் கண்ணாடி எதுவும் வைக்காவிடில் படம் இடவலம் மாறியே பதியும். எனவே இடப்புறமுள்ள கன்னி மரியின் வாயில் வலப்புறத்திலும், வலப்புறமுள்ள புனித அன்னாளின் வாயில் இடப்புறத்திலும் தோன்றும். ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு விரிசலும் மெய்யாக இருக்க, முழுமை மட்டும் திரும்பி நிற்கும். நுணுக்கத்தில் பிழையில்லாத ஒன்று அமைப்பில் மாறுபடக்கூடும் என்பதை ஒளிப்படம் தன் முதல் ஆண்டுகளிலேயே உணர்த்திவிட்டது.

இடையூறுகள் வகுத்த இலக்கணம்

தொடக்ககால ஒளிப்படங்களின் காட்சியமைப்பைப் பேசுவோர் பெரும்பாலும் கலைஞனின் கண்ணையே பேசுவர். ஆனால் அந்த அமைப்பில் பாதியை வகுத்தவை இடையூறுகளே. யாப்பின் கட்டுப்பாடு கவிஞனுக்கு எவ்வாறு ஓசையைத் தந்ததோ, அவ்வாறே கருவியின் கட்டுப்பாடு இக்கலைஞர்களுக்கு வடிவத்தைத் தந்தது.

முதல் இடையூறு இடநெருக்கம். இடைக்காலப் பேராலயங்கள் வீடுகளுக்கு நடுவே எழுந்தவை. ஸ்திராஸ்பூர் பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர் உயரமுடையது. அதன் காலடியிலோ குறுகிய தெருக்கள். முழு உருவையும் ஒரு தாளில் அடக்க வேண்டுமாயின் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பின்னே செல்ல இடமில்லை. பாரிசின் நோத்ர தாம் முன்றிலும் 1860களுக்குப் பின் ஹவுஸ்மானின் நகரமைப்புப் பணிகளால்தான் இன்றைய அகலத்தைப் பெற்றது. ஆகவே படக்கருவியைத் தரையிலிருந்து அண்ணாந்து நோக்கச் செய்தால், செங்குத்துக் கோடுகள் மேலே ஒன்றையொன்று நெருங்கிக் கோபுரம் பின்னோக்கிச் சாய்வது போலத் தோன்றும். இதனைத் தவிர்க்க இரண்டு வழிகள் கண்டனர். ஒன்று, பெட்டியைச் சாய்க்காமல் வில்லையை மட்டும் மேலே நகர்த்துவது. மற்றொன்று, எதிர்வீட்டின் மேல்மாடியிலோ கூரையிலோ ஏறி நிற்பது. அதனால்தான் இப்படங்கள் பலவற்றில் பார்வை, தரையில் நடக்கும் வழிபடுவோனின் பார்வையாக இல்லை. முகப்பின் நடுவயிற்றை நேருக்கு நேராக நோக்கும், மண்ணுக்கும் விண்ணுக்கும் இடைப்பட்ட ஒரு பார்வையாக அது அமைந்தது. அந்த உயரத்திலிருந்து அப்பேராலயத்தை அதற்குமுன் பார்த்தவர் சாரம் கட்டி வேலை செய்த கொத்தரும் புறாக்களும் மட்டுமே.

இரண்டாம் இடையூறு காலம். மெழுகிட்ட தாளில் ஒரு படம் பதியச் சில நிமிடங்களோ, ஒளி மங்கிய நாளில் அதற்கும் மிகுதியாகவோ ஆகும். அந்நேரத்தில் நடந்து சென்றவர்கள் தாளில் பதிவதேயில்லை. வண்டிகளும் வணிகரும் இரவலரும் நிறைந்த முன்றில், படத்தில் ஆளற்ற வெளியாகக் காட்சி தரும். அசையாமல் நின்றவனே மனித உருவாக எஞ்சினான். இன்று அப்படங்களைக் காண்போர் உணரும் பேரமைதி உண்மையில் கருவியின் இயலாமையே. எனினும் அந்த இயலாமை ஓர் உண்மையைச் சொல்லிவிட்டது: அறுநூறு ஆண்டுகளாக நிற்கும் கல்லின்முன், நடந்து போகும் தலைமுறைகள் தடமின்றி மறைகின்றன.

மூன்றாம் இடையூறு வானம். அக்கால வேதிப்பொருள்கள் நீலநிற ஒளிக்கு மிகையாக உணர்வு காட்டின. கல்லின் நிழல் பதியும் அளவுக்கு ஒளி புகவிட்டால் வானம் முற்றும் வெளுத்துவிடும். மேகம் ஒன்றும் பதியாது. தாளில் புள்ளிகளும் கறைகளும் தோன்றுவதுமுண்டு. எனவே கலைஞர்கள் பலர் நெகட்டிவில் வான்பகுதியைக் கருமையால் நிரப்பி, அச்சில் அது மாசற்ற வெண்மையாக வருமாறு செய்தனர். அதன் விளைவாகக் கோபுரங்களின் விளிம்பு, வெள்ளைத் தாளில் மையால் எழுதிய எழுத்துப் போலத் துலங்கிற்று. கோதிக் கலையின் அழகு அதன் புறவரையில் பெரிதும் தங்கியுள்ளது. கூர்முனைகளும் கொடுமுடிகளும் வானத்தோடு உரசும் அந்த வரைகோட்டை முழுவதும் வெளிக்கொணர்ந்தது வெறுமையான வானமே.

இவற்றோடு மற்றொன்றும் கருதத்தக்கது. படக்கருவியின் பின்புறத் தேய்த்த கண்ணாடியில் காட்சி தலைகீழாகவே விழும். கறுப்புத் துணிக்குள் தலையை மூடிக்கொண்டு நின்ற கலைஞன் கண்டது வேர் மேலும் கிளை கீழுமாகத் தொங்கும் பேராலயத்தை. தலைகீழாய்க் காணும்போது பொருளின் பெயர் மறைந்து வடிவம் மட்டும் எஞ்சும். இது வாயில், இது தூண் என்ற அறிவு பின்வாங்க, கருமையும் வெண்மையும் எவ்வாறு நிறை நிற்கின்றன என்பதே முன்வரும். அக்காலப் படங்களில் நிழற்பரப்பும் ஒளிப்பரப்பும் தராசின் இரு தட்டுகள் போல நிற்பதற்கு இந்தப் பயிற்சியும் ஒரு காரணமாகலாம்.

ஐவர் பயணம்

பிரான்சில் 1789இல் தொடங்கிய புரட்சியின்போது பேராலயங்கள் பல சேதமுற்றன. நோத்ர தாம் முகப்பில் வரிசையாக நின்ற அரசர் சிலைகள் 28உம் 1793இல் வீழ்த்தப்பட்டன. அதன் நடுக் கூர்கோபுரம் சிதைவுற்று, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அகற்றப்பட்டிருந்தது. 1831இல் விக்டர் ஹியூகோ இப்பேராலயத்தையே தலைமைப் பாத்திரமாக்கிப் புதினம் படைத்தார். அதன் 1832ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த ஓர் இயலில், அச்சு நூல் கட்டடத்தைக் கொல்லும் என்ற கருத்தை விரித்துரைத்தார். மக்கள் தம் எண்ணங்களைக் கல்லில் எழுதிய காலம் போய்த் தாளில் எழுதும் காலம் வந்துவிட்டது என்பது அவர் வாதம். அந்நூல் எழுப்பிய உணர்ச்சி பழங்கட்டடங்களைக் காக்கும் இயக்கத்திற்கு உரமாயிற்று. 1837இல் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் அமைக்கப்பட்டது. அத்துறையின் தலைமை ஆய்வாளராக 1834 முதல் பணியாற்றியவர், பின்னாளில் ‘கார்மென்’ கதையைப் படைத்த எழுத்தாளர் புரோஸ்பேர் மெரிமே என்பது இலக்கிய அன்பர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.

அவ்வாணையம் 1851இல் ஐந்து ஒளிப்படக் கலைஞர்களைத் தேர்ந்து நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பியது. எதுவார் பால்துஸ், குஸ்தாவ் லெ கிரே, ஆன்றி லெ செக், இப்போலித் பயார், மெஸ்த்ரால் என்போர் அவ்வைவர். சிதைந்த கட்டடங்களின் நிலையைப் பதிந்து, எவற்றை முதலில் செப்பனிடுவது என்று முடிவு செய்ய உதவுவதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அழகுணர்ச்சி பற்றிய கட்டளை ஏதுமில்லை, வேண்டியது சான்று. ஆனால் அனுப்பப்பட்டவர்களுள் பலர் ஓவியம் பயின்றவர்கள். சான்று தேடச் சென்ற இடத்தில் அவர்கள் கண்கள் வேறொன்றையும் கண்டன.

அவர்கள் கொணர்ந்த நூற்றுக்கணக்கான படங்களை ஆணையம் நூலாக வெளியிடவில்லை. நெகட்டிவ்கள் பேழைகளில் உறங்கின. கட்டடங்கள் செப்பனிடப்பட்டு உருமாறின. முன்னைய உருவம் என்ன என்பதற்கு அந்தத் தாள்களே சான்றாக எஞ்சின. சிகிச்சைக்கு உதவ எடுக்கப்பட்ட படம், சிகிச்சைக்குப்பின் மறைந்துபோன முகத்தின் ஒரே நினைவாகிவிட்டது.

பகுதியும் முழுமையும்

இவர்தம் படங்களை ஒப்புநோக்கின் இரண்டு வழிகள் புலனாகின்றன. ஒன்று முழுமையைத் தேடும் வழி. மற்றொன்று பகுதியில் முழுமையைக் காணும் வழி.

முதல் வழிக்குப் பால்துஸ் சான்று. கட்டடத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பிரித்து, நேருக்கு நேராகவோ சற்றே சாய்கோணத்திலோ, ஒவ்வோர் உறுப்பும் தெளிவாகத் தெரியுமாறு நிறுத்துவது அவர் முறை. ஒரே பார்வையில் அடங்காததை அவர் பல பார்வைகளால் கட்டினார். தென்பிரான்சின் ஆர்ல் நகரத்துப் புனித திரோஃபீம் ஆலயத்தின் உள்முற்ற நடைக்கூடத்தைப் படமெடுத்தபோது, தனித்தனிப் பகுதிகளாகப் பல நெகட்டிவ்கள் எடுத்து, அவற்றை வெட்டி இணைத்து ஒரே காட்சியாக்கினார். இருண்ட உட்பகுதிக்கு ஓர் அளவு ஒளி, வெயில் விழும் முற்றத்திற்கு வேறோர் அளவு ஒளி. இரண்டும் ஒருங்கே தெளிவாகத் தெரியும் அக்காட்சியை எந்தக் கண்ணும் ஒரு நொடியில் கண்டிருக்க முடியாது. அது பொய்யா மெய்யா என்று வினவினால், பல நாள் பட்டறிவை ஒரு பாடலில் செறிக்கும் புலவனிடம் கேட்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் வழிக்கு லெ செக் சான்று. ரைம்ஸ், ஸ்திராஸ்பூர், சார்த்ர், அமியான் ஆகிய பேராலயங்களை அவர் 1851ஐ ஒட்டிய ஆண்டுகளில் படமெடுத்தார். 1851இல் எடுத்த ‘ரைம்ஸ் பேராலயத்தின் அரசர் கோபுரம்’ என்னும் படத்தில் பேராலயத்தின் முழுவடிவம் இல்லை. கோபுரத்தின் ஒரு பகுதியே சட்டத்தை நிறைக்கின்றது. மாடங்களில் நிற்கும் அரசர் உருவங்கள் நிழலிலிருந்து பாதியாக வெளிப்படுகின்றன. இந்தப் பகுதியே இவ்வளவு பெரிதெனில் முழுமை எத்துணைப் பெரிதாகும் என்ற வியப்பைக் காண்பவன் மனத்தில் எழுப்பிவிட்டுப் படம் அமைதியாகின்றது. சொல்லாததைச் சொன்னதால் உணர்த்தும் இம்முறை, உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற தமிழ்ப் புலமைக்குப் புதிதன்று.

லெ செக் பயன்படுத்தியது தாள் நெகட்டிவ். தாளின் நார் ஒளியைச் சற்றே சிதறச் செய்வதால் விளிம்புகள் மென்மையாகும்; நிழல்கள் திரண்ட கருமையாகும். நுணுக்கம் குறையும், கனம் கூடும். சார்த்ர் வாயில்களின் நெடிதுயர்ந்த தூண் சிலைகளை அவர் எடுத்த படங்களில் ஆடை மடிப்புகள் கோடுகளாகவும், முகங்கள் ஒளித்திட்டுகளாகவும், அவற்றின் பின்னே ஆழம் காணமுடியாத இருளுமாகத் தோன்றும். செதுக்கியவன் உளியால் தோண்டிய நிழலை இக்கலைஞன் வேதிப்பொருளால் மீண்டும் தோண்டினான் எனலாம். 1870ஐ ஒட்டி, பழைய அச்சுகள் மங்கிவிடும் என்று அஞ்சிய லெ செக், தம் நெகட்டிவ்களை எளிதில் மங்காத நீல அச்சு முறையில் மீண்டும் பதிந்து வைத்தார். கல்லைக் காக்கச் சென்றவர், கல்லின் நிழலையும் காக்க வேண்டியவரானார்.

இவ்விரு வழிகளுக்கும் அப்பால் கண்ணாடித் தகடு ஒரு புது ஆற்றலைக் கொணர்ந்தது. 1851இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட கொலோடியன் முறை, தாளின் மென்மையை நீக்கி மயிரிழைக் கூர்மையைத் தந்தது. பிஸ்ஸோன் சகோதரர்கள் மிகப் பெரிய கண்ணாடித் தகடுகளில் பேராலய முகப்புகளைப் பதிந்தனர். பெரிதாக்கிப் பதியும் முறை வழக்கில் இல்லாத அக்காலத்தில் அச்சு, நெகட்டிவின் அளவே அமையும். எனவே பெரிய படம் வேண்டுமெனில் பெரிய தகடும், அதைத் தாங்கும் பெரிய பெட்டியும் வேண்டும். அத்தகட்டையும் ஈரம் உலருமுன் பூசி, பதிந்து, கழுவி முடித்தாக வேண்டும். அவர்தம் படங்களில் கண் எங்கும் ஓய்வதில்லை. கல்லுக்குக் கல் நகர்ந்துகொண்டே இருக்கும். லெ செக்கின் படத்தின்முன் நின்று உணரலாம். பிஸ்ஸோன் சகோதரர்களின் படத்தின்முன் நின்று படிக்கலாம். இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு அன்றே எழுந்தது. செறிவு பெரிதா, விரிவு பெரிதா என்ற அவ்வழக்கு கவியரங்குகளில் இன்னும் முடிந்தபாடில்லை.

புல்வெளியும் பாழ்மடமும்

இங்கிலாந்தின் பேராலயங்களுக்கு ஒரு பேறு உண்டு. அவற்றுட் பல அகன்ற புல்வெளிக்கும் மரங்களுக்கும் நடுவே நிற்கின்றன. ஆகவே அங்குள்ள கலைஞனுக்குப் பின்னே செல்ல இடம் கிடைத்தது. ஓவியம் பயின்றவரும் வழக்கறிஞருமான ரோஜர் ஃபென்டன், 1853இல் இலண்டனில் ஒளிப்படக் கழகம் தோன்றியபோது அதன் முதற் செயலாளரானார். 1855இல் கிரீமியப் போர்க்களத்தைப் படமெடுத்தார். 1850களில் லிங்கன், ஈலி, லிச்ஃபீல்ட், சால்ஸ்பரி முதலிய பேராலயங்களை வரிசையாகப் பதிந்தார். அவருடைய தொலைக்காட்சிகளில் முன்னே மரநிழல் கருமையாக நிற்கும். நடுவே வெளிச்சம் பரவிய வெளி. அப்பால் பேராலயம் மூடுபனியில் தோய்ந்து வெளிறி எழும். நிலக்காட்சி ஓவியர்கள் வகுத்த முப்படி அமைப்பே இது. எனினும் அண்மைக்காட்சிகளில் அவரும் வாயிற் செதுக்கல்களை நெருங்கிச் சென்று, கல்லின் தேய்மானத்தையே பொருளாக்கினார். 1862இல் அவர் இக்கலையை முற்றிலும் கைவிட்டுக் கருவிகளையும் விற்றுவிட்டார்.

உட்புறங்களைப் படமெடுப்பது அக்காலத்தில் அரிய செயல். வெளியே நிமிடங்களில் முடிவது உள்ளே நீண்ட நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சாளரத்தின் வெளிச்சம் பரவிச் சுற்றியுள்ள கல்லை விழுங்கிவிடும். ஒளிக்காகவே கட்டப்பட்ட உள்ளிடம், ஒளியினாலேயே பதிய மறுத்தது. இந்நிலையில் உள்ளிடங்களைக் காட்ட உதவியவை பாழ்மடங்களே. எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் கலைக்கப்பட்ட ரீவோ முதலிய மடங்களில் கூரை இல்லை. விதானம் இருந்த இடத்தில் வானம். ஃபென்டன் 1854இல் ரீவோவின் வளைவுகளைப் படமெடுத்தபோது, கூரையிழந்த காரணத்தாலேயே உட்புறம் முழுதும் வெயில் நிறைந்திருந்தது. சிதைந்த பின்னரே உள்ளம் வெளிப்பட்டது என்பது கவிஞர் சிந்தனைக்குரியது.

உள்ளிட ஒளியை முழுமையாக வசப்படுத்திய படங்கள் வர அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. புத்தக வணிகத்தை விட்டு வந்த ஃபிரெடெரிக் எவன்ஸ் 1903இல் வெல்ஸ் பேராலயத்தில் எடுத்த ‘படிகளின் கடல்’ என்னும் படம் அவ்வழியின் முகடு. நூற்றாண்டுக் கணக்கில் மிதித்துத் தேய்ந்த படிகள் அலைகளாய் மேலெழுகின்றன. அப்படத்தில் மனிதர் எவருமில்லை. மனிதர் நடந்த தேய்வு மட்டுமே உள்ளது.

செப்பமா, சிதைவா?

காட்சியமைப்பு அழகுபற்றிய சிக்கல் மட்டுமன்று. அது அறம்பற்றிய சிக்கலுமாகும். அதனை வெளிப்படுத்தியது செப்பனிடும் பணி பற்றிய பெருவழக்கு.

நோத்ர தாமைச் செப்பனிடும் பொறுப்பு 1844இல் லஸ்ஸு, வியோலே-லெ-துக் என்னும் இரு கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1857இல் லஸ்ஸு மறைந்தபின் வியோலே-லெ-துக் தனித்துத் தொடர்ந்தார். பணி 1864இல் முடிந்தது. வீழ்ந்த அரசர் வரிசை மீண்டும் செதுக்கி நிறுத்தப்பட்டது. 1859இல் புதிய கூர்கோபுரம் எழுந்தது. ஒளிப்படத்தை இப்பணிக்கு இன்றியமையாத துணையாக அவர் போற்றினார். கட்டடத்தில் நேரில் காணத் தவறியதைப் படத்தில் காண நேர்கின்றது என்றும், பணி முடிந்தபின் மறைந்துபோகும் தடயங்களுக்குப் படமே சான்று என்றும் தம் கட்டடக்கலை அகராதியில் எழுதினார்.

ஆங்கிலத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் செப்பனிடுதலையே அழிவு என்று கருதியவர். பழங்கல்லைப் பெயர்த்துப் புதுக்கல்லைப் பொருத்தினால், பழைய கைவினைஞனின் உயிர் அதில் இராது என்பது அவர் கொள்கை. 1845இல் வெனிசில் தாகேர் முறைப் படங்களை ஆர்வத்துடன் வாங்கியவர் அவர். 1855இல் வெளிவந்த ‘கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்’ நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையில், ஒளிப்படக் கலைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பேராலயத்தின் எழிலார்ந்த பொதுத்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டிராமல், கல்கல்லாகச் சிலைசிலையாக எடுக்க வேண்டும். சாரம் கட்டியிருந்தால் அதன்மேல் ஏறி நெருங்க வேண்டும். செங்குத்துக் கோடுகள் கோணினாலும் கவலைப்பட வேண்டா என்பது அதன் சாரம். அழகிய அமைப்பைத் துறந்தேனும் உண்மையை அணுகுக என்பதே அவர் அறிவுரை. எதிரெதிர் நின்ற இருவரும் ஒளிப்படத்தின் தேவையில் ஒன்றுபட்டனர். ஒருவர்க்கு அது மருத்துவனின் குறிப்பேடு. மற்றவர்க்கு இறந்துகொண்டிருப்பவனின் மரணசாசனம்.

இவ்வழக்கின் நகைமுரண் ஒரே படத்தில் அமைந்துள்ளது. 1853இல் ஷார்ல் நெக்ர் தம் நண்பர் லெ செக்கை நோத்ர தாமின் மேல்மாடத்தில் நிறுத்திப் படமெடுத்தார். உயர்ந்த தொப்பியணிந்த லெ செக் நிற்க, அருகே கன்னத்தில் கையூன்றி நகரை நோக்கும் கல்விலங்கு ஒன்று உள்ளது. பின்னாளில் உலகமே அவ்விலங்கை இடைக்காலத்தின் முகமாகக் கொண்டது. ஆனால் அது இடைக்காலத்தது அன்று. செப்பனிடும் பணியில் வியோலே-லெ-துக் காலத்தில் புதிதாய் வைக்கப்பட்டது. பழமையைப் பதியச் சென்றவரின் அருகே நின்றது அன்றைய புதுமை. ஒளிப்படம் வயதைச் சொல்வதில்லை, தோற்றத்தையே சொல்கின்றது.

செருமனியில் இக்கலை வேறொரு திசையில் சென்றது. 1858இல் ஆல்பிரெக்ட் மைடன்பாயர் என்னும் இளம் கட்டடக் கலைஞர் வெட்ஸ்லார் பேராலயத்தை அளக்கும்போது உயரத்திலிருந்து விழுந்து உயிரிழக்க நேர்ந்து தப்பினார். ஏறி அளப்பதற்கு மாறாகப் படமெடுத்து அப்படத்திலிருந்தே அளக்க முடியாதா என்று அவர் சிந்தித்ததன் பயனாகப் படவழி அளவையியல் வளர்ந்தது. 1885இல் பெர்லினில் அதற்கென ஒரு நிறுவனமும் அமைந்தது. 1248இல் தொடங்கி நின்றுபோய், 1842இல் மீண்டும் தொடங்கி 1880இல் முடிந்த கொலோன் பேராலயத்தின் பழைய படங்களில், பாதிக் கோபுரத்தின் தலையில் இடைக்காலப் பாரந்தூக்கி ஒன்று நிற்பதைக் காணலாம். 1868இல் அது அகற்றப்பட்டது. நூற்றாண்டுகளாக ஒரு நகரத்தின் அடையாளமாக இருந்த முடிவுறாமை, முடிவுற்றபின் படங்களில் மட்டுமே எஞ்சியது.

இதே காலத்தில் இதே தாள் நெகட்டிவ் முறை தமிழ்மண்ணுக்கும் வந்தது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் 1858இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் கோயில்களைப் பதிந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக இணைத்தார். வெறுமையான வானத்தை விரும்பாத அவர், நெகட்டிவில் மேகங்களைத் தம் கையால் தீட்டினார். ஆர்லில் பால்துஸ் செய்த இணைப்பும் தஞ்சையில் டிரைப் செய்த இணைப்பும் ஒரே தேவையினின்று பிறந்தவை: கண்ணால் ஒருங்கே காண இயலாததைக் காணத் தருதல்.

வெற்றிடத்தின் சான்று

1914 செப்டம்பரில் முதல் உலகப் போரின் குண்டுகளால் ரைம்ஸ் பேராலயம் தீப்பற்றிற்று. முகப்பின் சிலைகள் பல சிதைந்தன. புன்னகைக்கும் வானதூதன் எனப் பெயர் பெற்ற சிலையின் தலை துண்டாகி விழுந்தது. பின்னர் அது மீண்டும் பொருத்தப்பட்டது. போருக்கு முந்தைய ரைம்ஸ் கற்களின் முகத்தை அறிய விரும்புவோர் லெ செக்கின் தாள்களையும் நாடிச் செல்கின்றனர். 1977இல் பாரிசில் ஒரு மாளிகையின் அடிநிலத்தில், 1793இல் வீழ்த்தப்பட்ட நோத்ர தாம் அரசர்களின் தலைகள் 21 வெளிப்பட்டன. இன்று அவை குளூனி அருங்காட்சியகத்தில் உள்ளன.

2019 ஏப்ரல் 15ஆம் நாள் நோத்ர தாம் தீக்கிரையாயிற்று. 1859இல் எழுந்த கூர்கோபுரம் எரிந்து வீழ்ந்ததை உலகம் கண்ணீருடன் பார்த்தது. ஏறத்தாழ ஐயாண்டுப் பணிக்குப் பின் அதே வடிவில் கோபுரம் மீண்டும் எழ, 2024 திசம்பரில் பேராலயம் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், கூர்கோபுரம் இல்லாத நோத்ர தாம் கண்டறியாத காட்சி என்று பலர் வருந்தினர். ஆனால் 1840களின் வெள்ளித் தகடுகளில் நிற்பது அந்தக் கோபுரமற்ற நோத்ர தாமே. அரசர் வரிசை வெற்று மாடமாக, நடுமுகடு வெறும் வானமாக, காயங்களோடு நிற்கும் பேராலயம் அது. அதை எடுத்தவர்கள் இல்லாத கோபுரத்தைத் தீட்டிச் சேர்க்கவில்லை. வெறுமையை வெறுமையாகவே விட்டனர். வானத்தைக் கருமையிட்டு வெளுக்கச் செய்யத் தெரிந்த ஒரு தலைமுறை, விழுந்த சிலைகளின் இடத்தை நிரப்பாமல் விட்டது.

கவிஞர் பெருமக்களே, இத்தொடக்ககாலப் படங்கள் சொற்கலைக்குத் தரும் பாடம் இதில் அடங்கியுள்ளது. அமைப்பு என்பது உள்ளதை ஒழுங்குபடுத்துவது மட்டுமன்று. இல்லாததற்கும் உரிய இடத்தை அளிப்பது. நிற்கும் இடத்தைத் தேர்ந்து, ஒளி வரும்வரை காத்திருந்து, கைக்கெட்டிய பகுதியை நேர்மையாகப் பதிந்து, இழந்ததை இழந்ததாகவே காட்டிய படைப்பு, தான் காட்டிய பொருள் மாறிய பின்னும் அதற்குச் சான்றாக நிற்கின்றது. ஒரு சமூகம் தன் இழப்புகளை மறந்து, புதுக்கியதையே பழமையென நம்பத் தொடங்கும் காலத்தில் அந்தச் சான்று தேவைப்படும். அத்தகைய சான்றுகளை அடுத்த பத்தாண்டிலும் இவ்வட்டத்தின் கவிஞர்கள் படைப்பார்களாக.